வைப்பர்: பின்னோக்கி நடந்த ஒரு பரிணாமம்

2003 டிசம்பரில் வெளிவந்த 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா' குறுந்தொடரின் ஆரம்பத்தில் ஒரு சின்னக் காட்சி. லீ அடாமா என்ற இளம் விமானி, தன்னுடைய நவீன வைப்பர் மார்க் 7 விண்போர் விமானத்தில் கேலக்டிகா என்ற பழைய போர்க்கப்பலை நெருங்குகிறான். கையால் ஓட்டித்தான் இறங்க வேண்டும் என்று கப்பலிலிருந்து தகவல் வருகிறது. சரியாகத்தான் காதில் விழுந்ததா என்று அவன் திருப்பிக் கேட்கிறான். ஆமாம், இங்கே தானியங்கித் தரையிறக்கம் கிடையாது, கமாண்டர் உத்தரவு என்று பதில். கமாண்டர் வேறு யாருமில்லை, லீயின் அப்பா வில்லியம் அடாமாதான்.

முதல் தடவை பார்த்தப்போ, அப்பா மகன் உரசலைக் காட்டத்தான் இந்தக் காட்சின்னு நினைச்சுட்டு நகர்ந்துட்டேன். தொடரை முடிச்சிட்டு மறுபடியும் முதல்லேர்ந்து பார்த்தப்போதான் உறைச்சது. இந்தக் கற்பனைக் கடற்படையின் போர் விமான வரலாறு முழுக்க அந்த ஒரு உத்தரவுக்குள்ள இருக்கு. இந்தக் குறிப்பு அதைப் பற்றித்தான். கதையின் முக்கியமான திருப்பங்கள் எல்லாம் வரும். இன்னும் பார்க்காதவங்க பார்த்துட்டு வந்து படிக்கலாம்.

கதைக்களம் தெரியாதவர்களுக்காக ரெண்டு வரி. மனிதர்கள் பன்னிரண்டு கிரகங்களில் குடியேறி வாழ்கிறார்கள். வேலைக்காகவும் போருக்காகவும் அவர்கள் செய்த இயந்திரங்களான சைலான்கள் ஒருநாள் எதிர்த்துக் கிளம்புகின்றன. நீண்ட போர். பிறகு ஓர் உடன்படிக்கை. சைலான்கள் எங்கோ போய்விடுகின்றன. நாற்பது வருடம் சத்தமே இல்லை. தொடர் இங்கே தொடங்குகிறது.

வைப்பர் என்பது இந்த மனிதப் படையின் ஒற்றை இருக்கைப் போர் விமானம். நீண்ட மூக்கு, குட்டை இறக்கைகள், பின்னால் மூன்று எஞ்சின்கள். பெரிய கப்பலின் பக்கவாட்டுக் குழாய்களிலிருந்து துப்பாக்கிக் குண்டு மாதிரி வெளியே வீசப்படும். இதற்கு ஒரு முக்கியமான குறை உண்டு: ஒளியை மிஞ்சும் தாவலை இதனால் செய்ய முடியாது. தாய்க்கப்பல் தாவுவதற்கு முன்னால் வைப்பர் திரும்பி வந்து இறங்கியே ஆகணும். இல்லைன்னா அந்த இடத்திலேயே அநாதையா நிக்க வேண்டியதுதான். தொடரின் பாதிப் பதற்றம் இந்த ஒரு விதியிலிருந்துதான் பிறக்கிறது.

வைப்பருக்கு ரெண்டு வரலாறு இருக்கு. ஒண்ணு நம்ம உலகத்தில் நடந்தது. கிளென் லார்சன் உருவாக்கிய முதல் 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா' 1978-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்தது. 'ஸ்டார் வார்ஸ்' வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அதில் வேலை செய்த ஜான் டைக்ஸ்ட்ராவும் ஓவியர் ரால்ஃப் மெக்குவாரியும் இங்கேயும் வேலை செய்தார்கள். சாயல் அதிகமாக இருக்கிறது என்று ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் யுனிவர்சல் மேல் வழக்கே போட்டது. அந்தத் தொடரில் வைப்பர் ஒரே மாதிரிதான். மார்க் எண்கள் பேசப்படவில்லை. லேசர் சுடும், ஜாய்ஸ்டிக்கில் 'டர்போ' பட்டன் இருக்கும். குழந்தைகளுக்குப் பிடித்த பொம்மை.

2003-ல் ரொனால்ட் டி. மூர் கதையைப் புதிதாக எழுதியபோது, அந்த 1978 விமானத்தைக் கிட்டத்தட்ட அதே உருவத்தில் வைத்துக்கொண்டு, அதற்கு 'மார்க் 2' என்று பெயர் வைத்து, கதைக்குள்ளேயே நாற்பது வருடப் பழசாக ஆக்கி, அருங்காட்சியகத்தில் நிறுத்திவிட்டார்கள். பழைய தொடரின் ரசிகர் அருங்காட்சியகக் காட்சியைப் பார்க்கும்போது தன்னுடைய சிறுவயதையே கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்கிறார். புது உருவம் வேண்டும் என்பதற்காகப் பழசைத் தூக்கி எறியாமல், அதைக் கதையின் வரலாறாகவே மாற்றியது எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு.

இன்னொரு வரலாறு கதைக்குள் இருப்பது. மார்க் 2 முதல் சைலான் போர்க்காலத்து விமானம். இளைஞனாக இருந்தபோது வில்லியம் அடாமா ஓட்டியது இதைத்தான். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு பீரங்கிகள். லேசர் எல்லாம் இல்லை, உலோகக் குண்டுதான். கருவிப்பலகையில் பழைய பாணி மீட்டர்கள். அந்தப் போரில் மனிதர்கள் ஒரு பாடத்தை உயிர்ப்பலி கொடுத்துக் கற்றிருந்தார்கள். எதிரி ஒரு கணினி. ஒன்றோடொன்று இணைந்த கணினிகள் எங்கே இருந்தாலும் அதன் வழியாக அவன் உள்ளே வந்துவிடுவான். அதனால் அந்தக் காலத்துக் கப்பல்கள் தெரிந்தே பின்தங்கிய தொழில்நுட்பத்தோடு கட்டப்பட்டன. கேலக்டிகாவில் வயர் இழுத்த தொலைபேசிதான் பேசும். கணினிகள் உண்டு, ஆனால் ஒவ்வொன்றும் தனித்தீவு.

பிறகு நாற்பது வருட அமைதி. மார்க் எண்கள் ஏறுகின்றன. 2012-ல் வந்த 'பிளட் அண்ட் குரோம்' படத்தில் மார்க் 3 தலைகாட்டுகிறது. அதற்கும் மார்க் 7-க்கும் நடுவில் இருப்பவற்றைத் தொடர் காட்டுவதில்லை, நமக்கும் தேவையில்லை. மார்க் 7 பார்த்தாலே தெரியும்: மூக்கு கூர்மை, உடல் வழவழப்பு, மூன்றாவதாக ஒரு பீரங்கி வால் துடுப்பில். வேகமும் அதிகம். உள்ளே மீட்டர்களுக்குப் பதில் திரைகள். விமானி செய்யவேண்டிய பல வேலைகளைக் கணினியே பார்த்துக்கொள்ளும், தரையிறக்கம் உட்பட. படையின் மற்ற கப்பல்களோடு அது எப்போதும் பேசிக்கொண்டே இருக்கும். ஒரு விமானப்படை அதிகாரியிடம் மார்க் 2, மார்க் 7 இரண்டையும் காட்டி எது வேண்டும் என்று கேட்டால், யோசிக்கவே மாட்டார்.

படை முழுவதற்கும் புதிதாக ஒரு வழிநடத்தும் மென்பொருள் வருகிறது. அதை எழுதியவர் கையஸ் பால்டார் என்ற மேதை. அந்த வேலையில் அவருக்கு உதவிய காதலி மனித உருவில் இருந்த சைலான். மென்பொருளுக்குள் அவள் பின்வாசல்கள் வைத்துவிட்டாள்.

தாக்குதல் அன்று நடப்பதைத் தொடர் ரொம்ப நிதானமாகக் காட்டுகிறது. கேலக்டிகாவிலிருந்து கிளம்பிய மார்க் 7 அணி ஒன்று இரண்டு சைலான் ரெய்டர் விமானங்களை எதிர்கொள்கிறது. எண்ணிக்கையில் மனிதர்கள் பக்கம் பெரிய சாதகம். ரெய்டர்கள் நெருங்குகின்றன. திடீரென்று வைப்பர்களின் விளக்குகள் அணைகின்றன, எஞ்சின்கள் நின்றுவிடுகின்றன. உலகத்திலேயே சிறந்த போர் விமானங்கள் விண்வெளியில் மிதக்கும் பெட்டிகளாகிவிடுகின்றன. ஏவுகணைகள் வருவதை உள்ளே இருப்பவர்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். சண்டையே நடக்கவில்லை. இதே கதைதான் பெரிய போர்க்கப்பல்களுக்கும்.

அந்த நேரத்தில் லீ உயிரோடிருக்கக் காரணம் ஒரு சடங்கு. கேலக்டிகா அன்றோடு ஓய்வுபெற்று அருங்காட்சியகமாகப் போகிறது. அதற்கான விழாவுக்காக, அப்பா ஒரு காலத்தில் ஓட்டிய அதே பழைய மார்க் 2-வைத் தலைமை மெக்கானிக் டைரலின் ஆட்கள் பழுதுபார்த்து வைத்திருந்தார்கள். அதை ஓட்டச் சொன்னபோது லீக்கு அதில் இஷ்டமே இல்லை. திரும்பிப் போகும் பயணத்திலும் அதில்தான் இருந்தான். அணைக்கப்பட அதில் எதுவும் இல்லை.

கேலக்டிகாவில் மிச்சமிருந்த விமானங்கள் எல்லாம் காட்சிக்கு வைத்த மார்க் 2-கள்தான். அவை நின்ற வலதுபக்க விமானத் தளத்தில் ஏற்கெனவே பரிசுப் பொருள் கடை திறந்தாகிவிட்டது. அங்கிருந்து ஏவ முடியாது. ஆட்கள் பழைய வைப்பர்களைக் கப்பலின் இன்னொரு பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போய், எரிபொருள் நிரப்பி, ஏவுகுழாயில் வைக்கிறார்கள். மியூசியத்திலிருந்து போர்க்களத்துக்கு நேராக. கேட்டால் சிரிப்பு வரும் விஷயம், பார்க்கும்போது தொண்டையை அடைக்கும்.

சரி, இதெல்லாம் எழுத்தாளர் வசதிக்காகப் பண்ண வேலைதானே, நிஜத்தில் ஒரு மென்பொருள் மொத்த விமானப்படையையும் முடக்குமான்னு கேக்கலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனா நிஜ உலகம் அவ்வளவு தூரத்துல இல்லை.

2007 பிப்ரவரி. அமெரிக்காவின் எஃப்-22 ராப்டர் விமானங்கள் ஹவாயிலிருந்து ஜப்பானின் கடேனா தளத்துக்கு முதன்முறையாகப் போகின்றன. அன்றைய தேதிக்கு உலகின் மிக நவீனமான போர் விமானம் அதுதான். வழியில் சர்வதேச தேதிக் கோட்டைத் தாண்டியதும் அவற்றின் வழிகாட்டும் கணினிகள் செயலிழந்தன. தகவல் தொடர்பிலும் சிக்கல். எதிரி யாரும் இல்லை, மென்பொருளில் இருந்த ஒரு பிழை, அவ்வளவுதான். கூட வந்த எரிபொருள் டேங்கர் விமானங்களைக் கண்ணால் பார்த்துப் பின்தொடர்ந்து ஹவாய்க்குத் திரும்பின. வானம் தெளிவாக இருந்தது அதிர்ஷ்டம்.

2009 ஜனவரியில் கான்ஃபிக்கர் என்ற கணினிப் புழு பிரெஞ்சுக் கடற்படையின் உள் நெட்வொர்க்குக்குள் புகுந்தது. பறக்கும் திட்டத் தகவல்களை இறக்கிக்கொள்ள முடியாததால் சில ரஃபேல் போர் விமானங்கள் கிளம்பவில்லை என்று அப்போது செய்திகள் வந்தன. அந்தப் புழுவை எழுதியவர்கள் பிரெஞ்சுக் கடற்படையைக் குறிவைத்ததாகக்கூடத் தெரியவில்லை. உலகம் முழுக்க லட்சக்கணக்கான விண்டோஸ் கணினிகளில் பரவிய புழு, போகிற போக்கில் அங்கேயும் எட்டிப் பார்த்தது.

அமெரிக்கக் கடற்படை அகாடமி நட்சத்திரங்களை வைத்து வழி கண்டுபிடிக்கும் பாடத்தை 1990-களின் கடைசியில் நிறுத்தியிருந்தது. ஜிபிஎஸ் இருக்கும்போது செக்ஸ்டன்ட் எதற்கு? 2015-ல் அந்தப் பாடத்தை மறுபடி கொண்டுவந்தார்கள். ஜிபிஎஸ்ஸை யாராவது முடக்கினால் என்ன செய்வது என்ற பயம்தான் காரணம். அடாமாவின் கையால் இறங்கும் உத்தரவும் இதே வகைதான். ஆபத்து வரும் நாளில் கற்றுக்கொள்ள நேரம் இருக்காது. அதனால் தேவைப்படாத நாளிலும் பழக வேண்டியிருக்கிறது.

இன்னொரு உதாரணம் எல்லாரும் சொல்வது. 1976 செப்டம்பரில் விக்டர் பெலென்கோ என்ற சோவியத் விமானி தன் மிக்-25 விமானத்தோடு ஜப்பானின் ஹகோடாடேவில் போய் இறங்கினார். பிரித்துப் பார்த்த அமெரிக்கர்கள் அதன் மின்னணுப் பகுதிகளில் வெற்றிடக் குழாய்கள் இருப்பதைக் கண்டு ஆச்சரியப்பட்டார்கள். பின்தங்கிய நாடு என்று முதலில் சிரித்தவர்கள் உண்டு. ஆனால் வெப்பத்தையும் அணுகுண்டு வெடிப்பின் மின்காந்த அதிர்ச்சியையும் அந்தக் குழாய்கள் டிரான்சிஸ்டரைவிட நன்றாகத் தாங்கும். இதைச் சொல்லிவிட்டு ஒரு எச்சரிக்கையும் சொல்லணும்: சோவியத் மின்னணுத் தொழில் பின்தங்கித்தான் இருந்தது, எல்லாமே தெரிந்து செய்த ஞானம் கிடையாது. 'பழசுதான் உசத்தி'ன்னு மேடையில பேச இந்த மிக்-25 கதையை இழுக்குறவங்களைப் பார்த்தா எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

தொடரும் அப்படிச் சொல்வதில்லை. பலர் கவனிக்காமல் விடும் இடம் இது. மார்க் 7 ஒழிந்துபோகவில்லை. அந்த மென்பொருளை நீக்கிய மார்க் 7-கள் மார்க் 2-களோடு பக்கத்துக்குப் பக்கம் பறக்கின்றன. விமானத்தில் குற்றம் இல்லை. அதன் எஞ்சின், பீரங்கி, உடல் எல்லாம் நல்லவைதான். மொத்தப் படையும் ஒரே மென்பொருளை நம்பி, அது இல்லாமல் பறக்க ஒரு வழியை விட்டுவைக்காததுதான் கொன்றது. அதே சமயம் கேலக்டிகா ஒன்றும் புனிதக் கப்பல் இல்லை. இரண்டாம் பருவத்தின் தொடக்கத்தில் அடாமா சுடப்பட்டுக் கிடக்க, பொறுப்பில் இருக்கும் டை, தொலைந்த கப்பல்களின் இருப்பிடத்தைச் சீக்கிரம் கணக்கிடுவதற்காகக் கணினிகளை இணைக்க அனுமதிக்கிறார். சில நிமிடங்கள்தான். அதற்குள் சைலான்கள் உள்ளே நுழைந்து விட்டுப்போன வைரஸ், பல எபிசோடுகள் தாண்டிக் கப்பலைக் கழுத்தைப் பிடிக்கிறது. அந்த முடிவைத் தவறு என்று சொல்வதும் கஷ்டம். இணைக்காமல் இருந்திருந்தால் மற்ற கப்பல்களைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

எதிர்ப்பக்கம் என்ன நடக்கிறது? சைலான் ரெய்டருக்கு விமானி கிடையாது. 1978 தொடரில் மூன்று சைலான்கள் உட்கார்ந்து ஓட்டுவார்கள். புதிய தொடரில் ரெய்டரே ஓர் உயிர். ஸ்டார்பக் என்ற விமானி ஒரு நிலவில் விழுந்துகிடக்கும் ரெய்டரின் வயிற்றுக்குள் புகுந்து பார்க்கிறாள்: சதை, நரம்பு, திரவம். அவற்றை இழுத்துப் பிடித்து அதை ஓட்டிக்கொண்டே கப்பலுக்குத் திரும்புகிறாள். சுட்டுவிடப் போகிறார்களே என்று இறக்கைக்கு அடியில் தன் பெயரை எழுதிவைத்திருப்பாள்.

'ஸ்கார்' என்ற எபிசோடில்தான் இதன் முழு அர்த்தம் புரியும். செத்துப்போன ரெய்டரின் நினைவு இன்னொரு உடலில் இறங்கிவிடும். எப்படித் தோற்றோம் என்ற அனுபவம் வீணாகாது. ஸ்கார் என்று பெயர் வைக்கப்பட்ட ரெய்டர் பலமுறை செத்துச் செத்துத் தந்திரம் கற்றது. கேலக்டிகாவின் விமானிகளை ஒவ்வொருவராக வேட்டையாடுகிறது. சரியான அர்த்தத்தில் பரிணமித்துக்கொண்டிருப்பது அதுதான்.

மனிதப் பக்கத்தில் அனுபவம் இருப்பது விமானியின் உடம்பில். உடம்பு போனால் அதுவும் போச்சு. முதல் பருவத்தில், ஒரு விமானியின் ஆயிரமாவது தரையிறக்கத்தைக் கொண்டாடிக்கொண்டிருக்கும்போது, தாங்கியிலிருந்து கழன்று விழுந்த ஏவுகணை ஒன்று வெடித்துப் பதிமூன்று பேர் சாகிறார்கள். எதிரி கிடையாது, ஒரு விபத்து. வைப்பர்கள் இருக்கின்றன, ஓட்ட ஆளில்லை. சரக்குக் கப்பல் ஓட்டியவர்களையெல்லாம் கூட்டிவந்து ஸ்டார்பக் பயிற்சி கொடுக்க வேண்டியிருக்கிறது. மார்க் 2-வை வழிபடுகிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்கணும். கணினி உதவி இல்லாத விமானத்துக்கு நல்ல விமானி வேண்டும்; நல்ல விமானியை உருவாக்க வருடங்கள் ஆகும். மார்க் 7-ன் தானியங்கிகள் வந்ததே அந்த வருடங்களைக் குறைக்கத்தான்.

பீரங்கியைப் பற்றி ஒரு சின்ன இடைச்செருகல். வைப்பர் ஏன் இன்னும் குண்டு சுடுகிறது என்று கிண்டல் செய்பவர்கள் எஃப்-4 ஃபேன்டம் கதையைப் படிக்கலாம். ஏவுகணை வந்தாச்சு, துப்பாக்கி எதுக்கு என்று உள்பீரங்கியே இல்லாமல் அதை வடிவமைத்தார்கள். வியட்நாம் வானத்தில் ஏவுகணைகள் அடிக்கடி குறிதவறின. பிறகு வந்த எஃப்-4இ ரகத்தில் 20 மில்லிமீட்டர் பீரங்கியை மூக்கில் பொருத்தினார்கள்.

இனி கடைசித் தலைமுறை. இதற்கு மார்க் எண் கிடையாது. வைப்பர்கள் ஒவ்வொன்றாக உடைகின்றன, மாற்ற வழியில்லை. மனம் நொந்துகிடக்கும் டைரல், உதிரிப் பாகங்களை வைத்து ஹேங்கரில் புதிதாக ஒரு விமானம் கட்டத் தொடங்குகிறான். முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு ஒவ்வொருவராக வந்து கைகொடுக்கிறார்கள். மேல்தோலுக்கு உலோகத் தகடு இல்லை. அதனால் கார்பன் கலவையைப் போர்த்துகிறார்கள். இல்லாமையால் செய்த மாற்றம் அது, ஆனால் எதிரியின் ரேடாரில் விமானம் தெரியாமல் போய்விடுகிறது. பிளாக்பேர்ட் என்று பெயர். குடியரசுத் தலைவர் லாரா ரோஸ்லினைக் கௌரவிக்க 'லாரா' என்றும் அதன்மேல் எழுதுகிறார்கள்.

முதல் எபிசோடில் இதே ரோஸ்லின்தான், அப்போது கல்வி அமைச்சர், மியூசியத்துக்கு வருபவர்களுக்காகக் கணினிகளை இணைத்துத் தரும்படி அடாமாவிடம் கேட்டு மறுக்கப்பட்டவர்.

பிளாக்பேர்ட் வைப்பரைவிட வேகமானதா, பலமானதா என்றெல்லாம் ரசிகர் தளங்களில் சண்டை நடக்கும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. மார்க் 2-விலிருந்து மார்க் 7 வரை வந்த எல்லா வளர்ச்சிக்கும் பின்னால் பன்னிரண்டு கிரகங்களின் தொழிற்சாலைகள் இருந்தன. பிளாக்பேர்டுக்குப் பின்னால் இருந்தது ஒரு ஹேங்கரும் இருபத்துச் சொச்சம் களைத்த கைகளும். ஆனாலும் மற்ற எதாலும் முடியாத ஒரு வேலையை அது செய்தது: சைலான்களின் மறுபிறப்புக் கப்பலை நெருங்கி, அதன் தாவும் எஞ்சினை உடைத்தது. ஸ்காரைப் போன்றவை செத்தால் திரும்பி வரவிடாமல் செய்த தாக்குதல் அது. அந்தச் சண்டையிலேயே பிளாக்பேர்டும் நொறுங்கிப் போகிறது. லீ விண்வெளியில் தனியாக மிதப்பான். இரண்டாவது ஒன்றை யாரும் கட்டவில்லை.

இதற்குள் பெகாசஸ் என்ற இன்னொரு போர்க்கப்பல் வந்து சேர்ந்திருக்கும். புதிய ரகக் கப்பல், உள்ளேயே வைப்பர் தயாரிக்கும் வசதியோடு. அது தப்பிய காரணமும் கிட்டத்தட்ட அதே கதைதான்: தாக்குதல் நேரத்தில் பராமரிப்புக்காகத் துறையில் நின்றிருந்தது, நெட்வொர்க் ஓடிக்கொண்டிருக்கவில்லை.

தொடரின் கடைசி எபிசோடில், குடியேற ஒரு கிரகம் கிடைத்த பிறகு, கப்பல்கள் எல்லாவற்றையும் சூரியனுக்குள் அனுப்பிவிட முடிவெடுக்கிறார்கள். கேலக்டிகாவிலிருந்து கடைசியாக ஒரு வைப்பர் வெளியே வருகிறது. ஓட்டுவது வில்லியம் அடாமா. இந்த முறை அவர் திரும்பிப் போய் இறங்குவதற்குத் தளம் இல்லை.